முள் இல்லாத ஆம்ப்ளிபயர்

வேண்டாம் அம்மிணி, மேல வெக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கனம்தான், தொடை மரத்துப் போச்சு, இருந்தாலும் பரவால்ல. அந்தக் கம்பி மேல வெச்சா இவன் போடற ஒவ்வொரு பிரேக்குக்கும் எனக்கு உசுரு போயிட்டு வரும். நீ சித்த தள்ளி உக்காந்துக்க, அது போதும்.

மிக்சியா? இல்லம்மிணி. கண்டக்டரும் அதையேதான் கேட்டான். பொம்பளை ஒருத்தி பொட்டியைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா அது மிக்சியாத்தான் இருக்கோணும், இல்லீனா குக்கரா இருக்கோணும். இது ஆம்ப்ளிபயரு. பாட்டுக் கேக்கற செட்டுக்கு நடுவுல வெக்கறது. ரெக்கார்டுல இருந்து வர்ற துளியூண்டு சத்தத்தை வாங்கி, பெருசாக்கி, ஸ்பீக்கருக்குக் குடுக்கும். ஆமா, நானேதான் கடைக்குப் போனேன். நானே கேட்டு, நானே பொறுக்கி எடுத்தேன். எங்கூட்டுக்காரரு வரல. வர வேண்டாம்னுட்டேன்.

நீ பொள்ளாச்சியா? நான் கெணத்துக்கடவுலயே எறங்கிக்குவேன். பாலத்து மேல ஏறுனா எங்கூர்ல நிக்காது, கீழ ரோட்ல போற பஸ்ஸான்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் ஏறுனேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன். யார்கிட்டயாவது சொல்லோணும் அம்மிணி. ஒறம்பரை, சொந்தக்காரங்ககிட்டச் சொன்னா நான் ஊடு போயிச் சேர்றதுக்குள்ள அது திருப்பூர் வரைக்கும் போயிரும். நீ யாரோ நான் யாரோ. உங்கிட்டச் சொன்னா உங்கூடயே பொள்ளாச்சிக்குப் போயிரும்.

பழி வாங்கறதுக்குத்தான் இதை வாங்கிட்டுப் போறேன். சிரிக்காத. மெய்யாலுமே சொல்றேன்.

எங்கூட்டுக்காரரு மில்லுல சூப்பர்வைசரா இருந்தவரு. நூல் சுத்தற மிசினுங்க ஓடற எடத்துல நிப்பாரு. நீ மில்லுக்குள்ள போயிருக்கறயா? பக்கத்துல நிக்கறவனோட பேசோணும்னா வாயக் காதுக்குள்ள வெச்சுத்தான் பேசோணும். அந்த இரைச்சல்லயே பாதி ஆயுசு நின்னாரு. வேலை முடிஞ்சு வந்ததும் குளிச்சுட்டு நேரா முன்ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்குவாரு. "காதைக் கழுவோணும் வசந்தா"ம்பாரு. எம்பேரு வசந்தாமணி. காதைக் கழுவறதுன்னா பாட்டுக் கேக்கறது. எனக்கு வந்து வாய்ச்சதைப் பாரு.

அந்த ரூம்ல ரெண்டு ஸ்பீக்கரு, என்ற இடுப்பு ஒசரத்துக்கு. ரெண்டுக்கும் நேரா நடுவுல ஒரே ஒரு சேரு. அந்த எடத்துல உக்காந்தாத்தான் பாடறவங்க நடுவுலயும், வயலின் இந்தப் பக்கமும், மிருதங்கம் அந்தப் பக்கமும் வருமாமா. சேர்க்கால் நிக்கற எடத்துல தரையில சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சிருப்பாரு. நான் கூட்டித் தொடைச்சு, சேர மறுபடி அந்த வட்டத்து மேலயே நிறுத்தோணும். சித்த நகந்திருந்தாலும் கண்டுபுடிச்சிருவாரு. அதுல வேற யாரும் உக்காரக் கூடாது. என்ற மாமியார் கடைசியா நடமாட்டமா இருந்தப்ப ஒரு தடவை அதுல உக்காந்துட்டாங்க. அவியளையே எந்திரிக்கச் சொல்லிட்டாரு.

நானும் கேட்டேன் அம்மிணி. முப்பது வருசம் கேட்டேன். எங்கிருந்துன்னு கேளு. சமையக்கட்டுல இருந்து. கல்லுல தோசை ஊத்திக்கிட்டே, பருப்புக் கடைஞ்சுக்கிட்டே, செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். எந்த ரெக்கார்டுல எந்த எடத்துல பாடறவங்க தொண்டையச் செருமறாங்கன்னு எனக்குத் தெரியும். எதுல மிருதங்கக்காரரு அவசரப்படறாருன்னு தெரியும். ஒருத்தரும் கேக்கல, நானும் சொல்லல. பஜ்ஜி போட்டுக் குடுக்கறவகிட்ட மிருதங்கத்தைப் பத்தி யாரு கேப்பாங்க?

போன ஐப்பசியில அடிச்ச மழையில, இடி ஒண்ணு உழுந்து, கரண்டு எச்சா வந்து, பழைய ஆம்ப்ளிபயரு பொகைஞ்சு போச்சு. எங்கூட்டுக்காரரு எழவு ஊட்டுல உக்காந்திருக்கற மாதிரி அதைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. பொறவு புதுசு தேட ஆரம்பிச்சாரு. தேடுனாரு தேடுனாரு, பொண்ணு தேடற மாதிரி தேடுனாரு. கோயமுத்தூர்ல ஜெரால்டுன்னு ஒரு தம்பி இந்த மாதிரி செட்டு விக்குது. நல்ல தம்பி. "ஊட்டுக்குக் கொண்டுபோயி உங்க ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுப் பாருங்க சார், புடிக்கலீனா திருப்பிக் குடுங்க"ன்னு சொல்லிக் குடுத்தனுப்பிரும். ஒண்ணு வரும், போகும். அடுத்தது வரும், போகும்.

ஒவ்வொண்ணு வந்ததும் ஞாயித்துக்கிழமை கூட்டம் கூடிரும். மோகனரங்கம்னு ஒருத்தரு, எங்கூட்டுக்காரரோட சினேகிதரு, காலேஜுல பிசிக்ஸ் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவரு. அவருகூட இன்னும் ரெண்டு பேரு. நாலு பேரும் சேந்து சத்தத்தைப் பத்திப் பேசறதைக் கேட்டயின்னா உனக்குப் பைத்தியம் புடிச்சுரும். "இதுல ஒரு வெதுவெதுப்பு இருக்குது"ம்பாரு ஒருத்தரு. "இருக்குது, ஆனா ஆழம் பத்தாது"ம்பாரு இன்னொருத்தரு. சத்தத்துல என்னம்மிணி வெதுவெதுப்பு, தண்ணியா அது? எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. ஆனா எது நல்லாயிருக்குது, எது நல்லால்லைன்னு தெரியும்.

கார்த்திகை மாசம் ஒண்ணு வந்துது. அன்னிக்கு வெங்காய பஜ்ஜி. தட்டை எடுத்துட்டு உள்ள போனேன். பாட்டு ஓடுது, நாலு பேரும் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கறாங்க. எனக்கு எப்படி வாய் வந்துதுன்னே தெரீல, சொல்லிப்போட்டேன். "இதுல பாடறவங்களுக்குச் சளி புடிச்ச மாதிரி இருக்குதுங்க, போன தடவை வந்தது இதுக்குத் தேவல"ன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

எங்கூட்டுக்காரரு கண்ணைத் தொறந்தாரு. "வசந்தா, சாமி உனக்குக் காது குடுத்தது தோடு போடறதுக்கு. அதோட நிறுத்திக்க"ன்னாரு.

சிரிச்சாங்க பாரு. நாலு பேரும். மோகனரங்கத்துக்குச் சிரிப்புல பஜ்ஜி தொண்டையில மாட்டிக்கிச்சு. கண்ணுல தண்ணி வந்து, மூஞ்சி செவந்து, இருமிட்டே சிரிக்கறாரு. ஓடிப்போயித் தண்ணி கொண்டாந்து குடுத்தது யாரு? நாந்தான். முதுகைத் தட்டி உட்டதும் நாந்தான்.

அதுகூடப் பரவால்லன்னு வெய்யி. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி அதையே போட்டுக் கேட்டுட்டு மோகனரங்கம் சொல்றாரு, "கொழந்தவேலு, இதுல குரலுக்கு லேசா மூக்கடைப்பு இருக்குதுங்க"ன்னு. எங்கூட்டுக்காரரு எந்திரிச்சுப் போயி அவரு கையப் புடிச்சுக் குலுக்கறாரு! "காதுன்னா இதுங்க காது"ங்கறாரு. நான் வாசப்படியில காப்பித் தட்டோட நிக்கறேன். போன வாரம் நான் சொன்னதுதானேன்னு ஒருத்தருக்காவது ஞாவகம் வரோணுமே? வரல. அன்னிக்கு நெனைச்சேன். அந்த மூணு பேரு முன்னாலயே, அதே ரூம்ல, எனக்குக் காது இருக்குதுன்னு இந்த மனுசன் வாயால சொல்ல வெக்காம உட மாட்டேன்னு நெனைச்சேன். சாப்பாட்டுல உப்புக் கொறைச்சோ, பேசாம மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டோ தீர்ற கோவம் இல்ல அது.

ஜன்னலைச் சித்த சாத்தும்மா, பொட்டி மேல தூசி உழுகுது.

எங்க விட்டேன்? ஆங். மார்கழியில ஒரு நாளு குக்கர் விசில் அடிக்குது. எங்கூட்டுக்காரரு பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கறாரு. நான் பின்னால துணி தொவைச்சுட்டிருந்தேன். விசில் மேல விசில். அணைக்கல. ஓடி வந்து அணைச்சுட்டு, "ஏனுங்க, கேக்கலீங்களா?"ன்னேன். "என்ன?"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுது. பொறவு கவனிச்சுப் பாத்தேன். பால்காரன் சைக்கிள் மணி கேக்கறதில்ல. போன் அடிச்சாக் கேக்கறதில்ல. கொலுசு போட்டுட்டு எம்பேத்தி ஓடுனா கொலுசுச் சத்தம் அவருக்கில்ல. பேச்சு கேக்குது, தடிச்ச சத்தமெல்லாம் கேக்குது. மேல, மெல்லிசா, கிண்கிணின்னு வர்றது மட்டும் கேக்கறதில்ல. மில்லு தின்னுபோட்டுது அதை.

ஒரு நாளு அந்தச் சேருக்குப் பின்னால நின்னு, மெதுவா, "ஏனுங்க, உங்க காது போச்சுதுங்களா?"ன்னு கேட்டேன். திரும்பவே இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டே சமையக்கட்டுக்குப் போனேன். போயி, கத்திரிக்காய எடுத்து வெச்சுட்டு, எதுக்கு எடுத்தேன்னு தெரியாம நெம்ப நேரம் நின்னுட்டிருந்தேன். அது வேற.

அவருகிட்டச் சொன்னயான்னு கேக்கறயா? சொல்லல. ஏன் சொல்லோணும்? தோடு போடற காதுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? காது டாக்டர்கூடப் பின்னால எங்கிட்டக் கேட்டாரு, "முன்னமே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் உட்டிருக்க மாட்டேனேம்மா, கூட இருக்கறவங்க நீங்க கவனிக்கலையா?"ன்னு. எங்கூட்டுல காது அவருக்குத்தானே டாக்டர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பொங்கல் முடிஞ்சுது. பாத்துப் பாத்துக் கழிச்சுக் கடைசியா ரெண்டு ஆம்ப்ளிபயருல வந்து நின்னுது. ஒண்ணு கண்ணாடிக் குழாய் வெச்சது, பழைய ரேடியோவுல எரியுமே அந்த மாதிரி. இன்னொண்ணு சாதா. ரெண்டையும் ஜெரால்டு தம்பி ஒரே சமயத்துல குடுத்தனுப்பிருச்சு. அந்த ஞாயித்துக்கிழமை முடிவு பண்றதுன்னு பேச்சு. எங்கூட்டுக்காரரு மூணு பேருத்தையும் சாப்பாட்டுக்கே வரச் சொல்லிட்டாரு.

இப்பக் கேளு. ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் நாலு திருகு இருக்கும். கீழ இருக்கற ரெண்டும் பெரிய ஸ்பீக்கருக்கு, தடிச்ச சத்தத்துக்கு. மேல இருக்கற ரெண்டும் உச்சியில இருக்கற சின்னதுக்கு. ஜால்ரா, சலங்கை, வயலின்ல மேல போற சத்தமெல்லாம் அந்தச் சின்னதுலதான் வரும். கீழ்த்திருகையும் மேல்திருகையும் சேத்தி ஒரு பித்தளைத் தகடு, வெரல் நீளம்கூட இருக்காது. அந்தத் தகட்டைக் கழட்டுனா சின்னது செத்துரும். முப்பது வருசமா அங்க தூசி தொடைக்கறவளுக்குத் தெரியாதா?

அவரு குளிக்கப் போனாரு. நான் கழட்டுனேன். ரெண்டு ஸ்பீக்கர்லயும். தகட்டை முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.

சாப்பாடு ஆச்சு. நாலு பேரும் உள்ள போனாங்க. எங்கூட்டுக்காரரு சேர்ல உக்காந்து ரெக்கார்டு போடச் சொன்னாரு. நான் சமையக்கட்டுல நின்னு கேட்டேன். பாட்டைக் கம்பளியில சுத்தி வெச்ச மாதிரி வருது. ஜால்ரா சுத்தமா இல்ல. கேக்கறவனுக்கு முதல் அடியிலயே தெரிஞ்சுரும். நான் காப்பித் தட்டை எடுத்துட்டு வாசப்படியில வந்து நின்னுக்கிட்டேன்.

எங்கூட்டுக்காரரு கண்ணை மூடிட்டு, ஒரு கைய மேல தூக்கி, "ஆஹா! அந்த ஜால்ராவைப் பாருங்க, துளித்துளியா உழுகுது. இந்தக் கண்ணாடிக் குழாய்க்கு நெகர் இல்லீங்க"ங்கறாரு.

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மோகனரங்கம் மெதுவா எந்திரிச்சாரு. ஸ்பீக்கர்கிட்டப் போயி மண்டி போட்டு, அந்தச் சின்னதுமேல காதை வெச்சாரு. அந்தப் பக்கம் போயி அதுலயும் வெச்சுப் பாத்தாரு. தெரிஞ்சுபோச்சு அவருக்கு. இப்பச் சிரிப்பாங்க. அன்னிக்கு என்னையப் பாத்துச் சிரிச்ச மாதிரியே சிரிப்பாங்க, இந்த மனுசன் முழிப்பாரு, அப்பத் தகட்டை எடுத்துக் காட்டோணும். அதுக்குத்தான் நிக்கறேன்.

மோகனரங்கம் வந்து உக்காந்தாரு. எங்கூட்டுக்காரரு கண்ணைத் தொறந்து, "எப்படீங்க?"ன்னு கேட்டாரு.

"ஆமாங்க கொழந்தவேலு. துளித்துளியாத்தான் உழுகுது"ன்னாரு அந்த ஆளு.

மத்த ரெண்டு பேரும், "ஆமாங்க, ஆமாங்க."

பாத்தயா அம்மிணி? பாத்தயா நாயத்தை? நான் நெசத்தைச் சொன்னதுக்கு மூச்சு முட்டறவரைக்கும் சிரிச்சவங்க, அவரு பொய்யைச் சொன்னதுக்கு ஆமாம் போடறாங்க. ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் உட்டே குடுக்க மாட்டாங்க. காப்பியக் குடிச்சுட்டு, வேலை இருக்குதுன்னு ஆளாளுக்கு எந்திரிச்சுட்டாங்க. மோகனரங்கம் செருப்புப் போடறப்ப எம்மூஞ்சியப் பாத்தாரு. "வர்றேன் தங்கச்சி"ன்னு மட்டும் சொன்னாரு. அந்தப் பார்வைய நான் இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கல. எம்மேல என்ன தப்புங்கறேன்?

அவிய போனதும் நான் உள்ள போயி, முடிச்சை அவுத்து, ரெண்டு தகட்டையும் எங்கூட்டுக்காரரு உள்ளங்கையில வெச்சேன். மில்லுல மிசினைப் பிரிச்சுப் பூட்டுன மனுசன், எங்க இருந்து வந்ததுன்னு கேக்கல.

"ரெண்டுலயுமா?"ன்னாரு.

"ரெண்டுலயும்தான்."

"அவியளுக்குத் தெரியுமா?"

"மூணு பேருத்துக்கும் தெரியும். தோடு போடற காதுக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரீல"ன்னேன். எத்தனை நாளா வாய்க்குள்ளயே வெச்சிருந்தேன் அந்த வார்த்தைய!

சண்டை போடுவாருன்னு இருந்தேன். போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். நாலு வார்த்தை அவரு பேச, எட்டு வார்த்தை நான் பேசியிருப்பேன். அவரு எந்திரிச்சுப் போயி ரெண்டு தகட்டையும் மறுபடி திருகிப் பூட்டுனாரு. சேர்ல வந்து உக்காந்து அதே ரெக்கார்டைப் போட்டாரு. இப்ப ஜால்ரா வருது, நல்லா வருது, எனக்குக் கேக்குது. அவரு தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கேக்கறாரு. அணைச்சுட்டு, "வித்தியாசம் தெரீல வசந்தா"ன்னாரு.

நான் அடுப்புல பாலு வெச்சிருந்தேன். போயிட்டேன்.

அப்பறம் டாக்டரு, பரிசோதனை, ரெண்டு காதுக்கும் மிசினு. பேச்சு தெளிவாக் கேக்குதாமா. பாட்டு மட்டும் தகர டப்பாவுல கூழாங்கல்லு உருட்டற மாதிரி இருக்குதாமா. ஒரு தடவை போட்டுக் கேட்டாரு, மிசினைக் கழட்டி மேசை மேல வெச்சாரு, முன்ரூம் கதவைச் சாத்துனாரு. ரெண்டு ஆம்ப்ளிபயரையும் ஜெரால்டுக்கே திருப்பி அனுப்பிட்டாரு. அதோட முடிஞ்சுதா? முடியல. அதுக்கப்பறம் அந்த மனுசன் செஞ்சதுதான் அம்மிணி எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவரே மூணு பேருத்துக்கும் போன் பண்ணி வரச் சொன்னாரு. நான் என்னத்துக்கோன்னு காப்பி கலந்துட்டுப் போறேன். எங்கூட்டுக்காரரு ரூம் நடுவுல நிக்கறாரு. "என்ற காது போயிருச்சுங்க. உங்களுக்குத் தெரியும், நீங்க சொல்லல, அது உங்க நல்ல மனசு. இந்த ஊட்டுல இனிமே காது வசந்தாவுக்குத்தான். அவளுக்கு எப்பவுமே இருந்துது, நாந்தான் ஒத்துக்கல. ஆம்ப்ளிபயரு எதுன்னு அவ போயிக் கேட்டு வாங்கட்டும். இந்தச் சேரும் அவளுக்குத்தான்"னாரு.

நான் கேட்டது அதேதான. அதே ரூமு, அதே நாலு பேரு, அவரு வாயாலயே. நான் கேட்டதுல ஒண்ணு கொறையல. ஆனா நான் புடுங்கோணும்னு இருந்தேன் அம்மிணி! அவரே எடுத்து நீட்டிட்டாரு. தலை குனிஞ்சு நிக்கோணும்னு பாத்தா, தலை நிமுந்து நிக்கறாரு. மோகனரங்கம் கண்ணைத் தொடைச்சுக்கறாரு, என்னமோ ராமாயணம் பாக்கற மாதிரி. எல்லாரும் எங்கூட்டுக்காரரைத்தான் பாக்கறாங்க. எனக்குக் காது இருக்குதுங்கறதை ஒருத்தனும் பாக்கல. காப்பித் தட்டைத் தூக்கி எறியலாம்போல இருந்துது. எறியல. கொடுத்தேன், குடிச்சாங்க, போனாங்க.

அன்னிக்கே முடிவு பண்ணுனேன். இது இன்னும் தீரல. வாங்கறேன், இருக்கறதுலயே நல்லதா வாங்கறேன், அப்பறம் வெச்சுக்கறேன்.

அதுக்குத்தான் இன்னிக்குப் போனேன். எங்கூட்டு ரெக்கார்டு ஒண்ணைப் பையில வெச்சு எடுத்துட்டுப் போனேன். ஜெரால்டு தம்பி, "வாங்கம்மா, பாக்கறதுக்கு அழகா எது வேணும்?"னு கேக்குது. "அழகெல்லாம் வேண்டாந் தம்பி, மூணைப் போடுங்க, மூணுக்கும் சத்தத்தை ஒரே அளவா வெய்யுங்க. ஒண்ணுல எச்சா வெச்சா அதுதான் நல்லதுன்னு காது ஏமாந்துக்கும்"னேன். தம்பி நிமுந்து பாத்துது. எங்கூட்டுக்காரரு நூறு தடவை சொன்னது அது, செவுத்துக்கு அந்தப் பக்கம்.

முதல்ல போட்டது பளபளன்னு இருந்துது. கேட்டதும் புடிக்கும், ஒரு மணி நேரம் கேட்டாத் தலை வலிக்கும். ரெண்டாவது பரவால்ல. அதுல முன்னாடி ரெண்டு கண்ணாடி, கண்ணாடிக்குள்ள ஒவ்வொரு முள்ளு. சத்தம் ஏற ஏற முள்ளு ஆடுது, எறங்குனா எறங்குது. தம்பி பதமாச் சொல்லுது, "அம்மா, இதை எடுத்துக்குங்க. சாருக்குக் காதுல கேக்கலீனாலும் முள்ளு ஆடறதைப் பாத்துக்குவாரு. மனசுக்கு ஆறுதலா இருக்கும்"னு.

ஆறுதலா? எனக்குப் பத்திட்டு வந்துருச்சு. எங்கூட்டுக்காரரை உனக்குத் தெரியாது அம்மிணி. அந்த முள்ளைப் பாத்துப் பாத்தே தலைய ஆட்டுவாரு. "ஆஹா, அந்த எடம் பாருங்க"ம்பாரு. முள்ளைப் பாத்துட்டு எல்லாம் கேட்ட மாதிரியே பேசிருவாரு. எங்கிட்டக் கேக்க வேண்டிய வேலையே இருக்காது. "முள்ளு இல்லாததுதான் வேணும்"னேன். "வெளக்கு?"ன்னுது தம்பி. "ஓடுதா நிக்குதான்னு தெரியற அளவுக்கு ஒரு சின்ன வெளக்கு போதும். உள்ள என்ன ஓடுதுன்னு தெரியோணும்னா எங்கிட்டக் கேக்கட்டும்"னேன்.

மூணாவது இது, மடியில இருக்கறது. கருப்பா, ஒரு சிங்காரிப்பும் இல்லாம, அரிசி டப்பா மாதிரி இருக்கும். தம்பி அந்த ரெக்கார்டைப் போட்டுது. கல்யாணி ராகம், வயலின். அம்மிணி, அந்த ரெக்கார்டை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! நேத்து வரைக்கும் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டது. நடுச்சேர்ல உக்காந்து கேட்டது இன்னிக்குத்தான். வில்லு கம்பியில படறதுக்கு முந்தி, அந்த வாசிக்கறவரு மூச்சை உள்ள இழுக்கறாரு. இழுத்து, சித்த நிறுத்தி, அப்பறந்தான் வாசிக்கறாரு. ஒவ்வொரு தடவையும். ஒரு மனுசன் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்குது.

நான் பக்கத்துல திரும்பி, "கேட்டீங்களா?"ன்னேன்.

பக்கத்துல யாரு இருக்கறாங்க? ஒரு காலிச் சேரு, அது மேல என்ற பை.

ஜெரால்டுகிட்டச் சொன்னேன். "மூச்சா? அது ரெக்கார்டுல இருக்கற இரைச்சலும்மா"ன்னுது. இரைச்சலாமா. முப்பது வருசங் கேட்டவளுக்கு மூச்சுக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாதா? வேற யாருகிட்டச் சொல்றது? மோகனரங்கத்துக்கிட்டயா? அந்த ஆளு கேக்காமலே ஆமாங்க போட்டுருவாரு. எம்பையனுக்குப் போன்ல வர்ற பாட்டே போதும். இந்த ஒலகத்துல அந்த மூச்சைச் சொன்னா, "எந்த எடத்துல? ரெண்டாவது வரியிலயா? மறுபடி போடு"ன்னு கேக்கறதுக்கு ஒரே ஒரு ஆளு. அந்த ஆளு காதைக் கொண்டுபோயி மில்லுல குடுத்துட்டு வந்து நிக்கறாரு! இதுவும் எனக்கு வேணுமின்னே செஞ்சதுதான்னு வெய்யி. கேக்கறதுக்குக் காது இருந்தப்ப என்னைய உள்ள உடல. இப்பச் சேர என் தலையில கட்டிட்டு, என்னையத் தனியா உள்ள உக்கார வெச்சுட்டு, அவரு நைசா வெளிய போயிட்டாரு. தப்பிச்சுட்டதா நெனைப்பு.

உட மாட்டேன். எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கறேன். அந்தச் சாக்பீஸ் வட்டத்தைத் தண்ணி ஊத்தி அழிச்சுட்டு, ரெண்டு சேராப் போடப் போறேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவருக்கு. தினமும் சாயங்காலம் வந்து உக்காந்தே ஆகோணும். மிசினு வலிக்குது, இரைச்சலா இருக்குதுங்கற கதையெல்லாம் எங்கிட்ட ஆவாது. நான் கேட்டுக் கேட்டுச் சொல்லுவேன். இப்ப ஜால்ரா வருது, இப்ப மிருதங்கக்காரரு அவசரப்படறாரு, இப்ப மூச்சு இழுக்கறாரு, ஒண்ணு உடாமக் காதுல கத்திக் கத்திச் சொல்லுவேன். அவரு கேட்டுட்டு உக்காந்திருக்கோணும். போதும்னாலும் உட மாட்டேன். முப்பது வருசம் நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன் இல்ல, அதுக்கு இதுதான் தண்டனை. ரெக்கார்டு இருக்குது இருநூறுக்கு மேல. அத்தனையும் தீர்ற வரைக்கும்.

அட, ஸ்டாப்பு வந்துருச்சாட்ட இருக்குது. இந்தப் பொட்டியச் சித்த தூக்கி உடு, எந்திரிக்கறேன். மெதுவா, மெதுவா. வர வேண்டாம்னு நூறு தடவை சொல்லிட்டு வந்தேன், அங்க பாரு, வந்து நிக்கறாரு. பொட்டி தூக்கறதுக்காமா. ரோட்டு இரைச்சல் ஆகறதில்லைன்னு மிசினைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டிருப்பாரு. நிக்கற எடத்தைப் பாரு, ரோட்டுக்கே வந்து நிக்கறதை.

ஏனுங் கண்டக்டர், டிரைவருகிட்டச் சொல்லுங்க! அங்க கட்டம் போட்ட சட்டையில ஒருத்தரு நிக்கறாரு பாருங்க, அவருக்கு ஹாரன் கேக்காது. தள்ளி நிறுத்தச் சொல்லுங்க. மெதுவா ஓட்டச் சொல்லுங்க அந்த டிரைவரை! அவரு மேல ஒரு கீறல் பட்டுது, உங்க ரெண்டு பேருத்தையும் சும்மா உட மாட்டேன். அவருகூட எனக்கு இன்னும் தீரல.